ஒன்பது அடி அலமாரி

அந்த ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் பாசி மேடம். பாசி என்றால் கழுத்தில் போடும் பாசிமணி அல்ல. குளத்துப் படியில் நம்மை வழுக்கிவிட்டு வேடிக்கை பார்க்குமே, அந்தப் பாசி. முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் வளர்த்தார். "ஊர்ல எல்லாரும் பாசியச் சுரண்டி எறியறாங்க, எங்க வீட்டம்மா அதுக்குத் தாலாட்டு பாடறாங்க" என்று அவருடைய கணவர் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்வார். கணவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். ஓய்வுபெற்ற அன்றே கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, அதற்குப் பிறகு பசித்தால் சாப்பிட்டு, தூக்கம் வந்தால் தூங்கி, ராஜாவாக இருக்கிறார்.

மேடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். இரண்டாம் மாடி வராந்தாவின் கோடியில், ஒன்பது அடி நீளத்துக்கு ஓர் அலமாரி. ஐந்து தட்டு. தட்டுக்குத் தட்டு ட்யூப்லைட். காலை ஆறு மணிக்குத் தானாக எரிந்து மாலை ஆறு மணிக்குத் தானாக அணையும். அதில் வரிசையாகச் சோதனைக் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் சாய்வாக உறைந்த ஊட்டக்கூழ், அதன்மேல் ஒரு பச்சைத் தீற்றல், வாயில் பஞ்சடைப்பு, வயிற்றில் அவர் கையால் எழுதிய எண். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பழைய குழாயிலிருந்து துளி எடுத்துப் புதுக் கூழில் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் கூழ் காய்ந்து, பச்சை வெளுத்து, அதோடு சரி. அந்த வேலைக்கு அங்கே நாற்று மாற்றுதல் என்று பேர். மேடத்துக்குப் பிரசவம் நடந்தபோதுகூட நாள் தள்ளிப்போகவில்லை. அந்த ஒரு தடவை கண்ணாடி அண்ணன் மாற்றினார்.

கண்ணாடி அண்ணன் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் உதவியாளர். மேடத்தைவிட நான்கு வயது இளையவர். ஆனாலும் மேடத்துக்கும் அவர் அண்ணன்தான். அந்தக் கட்டடத்தில் வயதைப் பார்த்து யார் முறை வைத்தார்கள்? எள் என்றால் எண்ணெயாக நிற்பவர். ஒரு வேலையை எழுத்தில் கொடுத்துவிட்டால் போதும், மறுநாள் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

மேடத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதுதான் இந்தக் கதைக்கே வேர். அவருக்குக் கேட்கத் தெரியாது. சின்ன வயதிலேயே அப்படி. வீட்டில் ஐந்து பேரில் நான்காவதாகப் பிறந்தவர், "எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினார். வேலைக்கு வந்த இடத்திலும் அதே பாட்டு. முதலில் அவருக்குத் தனி அறை இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெரிய கருவியோடு வந்து இறங்கியபோது, யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் வராந்தாவுல வெச்சுக்கறேன்" என்று எழுந்து கொடுத்துவிட்டார். பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடச் சொன்னார்கள்; நாற்று மாற்றும் வாரம் என்று போடவில்லை. இருபது வருடத்துப் பழைய நுண்ணோக்கியை மாற்றித் தருகிறோம் என்றார்கள். இதுவே போதும் என்றார். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்கள். பொன் செய்ததோ இல்லையோ, அலமாரியை அது காப்பாற்றியது என்று அவர் நம்பினார். கண்ணில் பட்டால்தானே பிடுங்குவார்கள்? கேட்டால்தானே கண்ணில் படும்?

அறுபது முடிந்தது. பூங்கொத்து கொடுத்தார்கள், நாலு பேர் பேசினார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார்கள். "டைம் கீப்பர் வீட்டுக்கே கடிகாரமா! விட்டாலும் விடாது போலிருக்கே" என்று கணவர் அதை ஆணியில் மாட்டாமல் சுவரில் சாய்த்து வைத்தார். கடைசி வாரம் மேடமும் கண்ணாடி அண்ணனுமாக உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் மாற்றி முடித்திருந்தார்கள். இனி இரண்டு மாதத்துக்குக் கவலையில்லை. அதற்குள் மேடம் திரும்ப உள்ளே போயாக வேண்டும்.

போவதற்கு ஒரே வழிதான் இருந்தது. ஓய்வுபெற்றவர்களில் சிலரை அந்த நிறுவனம் தகைசால் விஞ்ஞானி ஆக்கும். வாயில் நுழையாத அந்தச் சொல்லை விட்டுவிட்டு எல்லோரும் எமரிட்டஸ் என்பார்கள். சம்பளம் கிடையாது. ஆனால் ஓர் அட்டை உண்டு. அதைக் காட்டினால் வாசல் திறக்கும். மேடத்துக்குப் பட்டமும் வேண்டாம், கௌரவமும் வேண்டாம். வாசல் திறந்தால் போதும். வாசல் திறந்தால் அலமாரி. அலமாரி இருந்தால் பாசி பிழைக்கும், இருநூற்றேழாம் எண் பாசியின் வேலையும் முடியும்.

அந்த இருநூற்றேழைப் பற்றி அவர் வெளியில் அதிகம் பேசியதில்லை. ஒரு கல்குவாரிக் குட்டையிலிருந்து பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. பச்சையிலே லேசாகப் பொன் கலந்த நிறம். ஏழேழு செல்லாகக் கைகோத்து வட்டமாக நிற்கும். அதுவரை வந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அதை உலகத்துக்குச் சொல்ல வேண்டுமென்றால், அதன் பிறப்பிலிருந்து முடிவு வரை ஒவ்வொரு நிலையையும் நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைய வேண்டும். பாதி வரைந்திருந்தார். குவாரியை எப்போதோ மண்போட்டு மூடி, மேலே அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். ஆகவே அந்தப் பாசி பூமியில் இருந்த இடம் அவருக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான்: மூன்றாம் தட்டு, இடமிருந்து பதினோராவது குழாய்.

விண்ணப்பம் ஆறு பக்கம். சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதினார். பதினோராவது கட்டத்தில் பேனா நின்றது. 'நிறுவனத்திடமிருந்து தேவைப்படும் இடம், கருவி, பொருள் வைப்பு வசதி' என்று அச்சடித்திருந்தது. எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"எழுதும்மா. அலமாரி வேணும்னு எழுது."

"சும்மா இருங்க. கேட்டா போச்சு. போன வருஷம் கல் சாருக்கு என்ன ஆச்சு?"

கல் சார் பாறைகளை ஆராய்ந்தவர். குளிர்சாதன அறை, இரண்டு உதவியாளர், கார் நிறுத்த நிழலான இடம் என்று ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். நிராகரித்துவிட்டார்கள். அவருக்கு முந்தின வருடம் இன்னொருவர் சன்னலோரமாக ஒரு மேசை கேட்டார், அவருக்கும் இல்லை. கேட்டவனுக்குக் கிடைக்காது என்று கேன்டீனில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. நிராகரித்ததற்கு வேறு காரணம் இருந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதற்கும் நூறு தடவை சோதித்துப் பார்க்கிற விஞ்ஞானிகள் கேன்டீன் பேச்சை மட்டும் ஒரு தடவைகூடச் சோதிக்க மாட்டார்கள்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ அழவே மாட்டேங்கிற" என்றார் கணவர்.

"அந்த அலமாரி ஏற்கெனவே அங்கதான இருக்கு? இருக்கிறத எதுக்குக் கேக்கணும்? சுவரு வேணும்னு யாராவது கேப்பாங்களா?"

குழாய்களில் எண் எழுதுகிற அதே குண்டு குண்டான எழுத்தில், பதினோராவது கட்டத்தில் எழுதினார்: எதுவும் தேவையில்லை. எழுதியபோது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவ்வளவு அடக்கமாகக் கேட்டால் எந்தக் குழு மறுக்கும்?

பிறகு காத்திருப்பு. பார்வையாளராகப் போகலாம்தான். ஆனால் யாராவது கீழே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக வேண்டும். அவரவர் வேலையைக் கெடுப்பானேன் என்று மேடம் போகவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கண்ணாடி அண்ணனுக்கு ஃபோன் மட்டும் செய்வார்.

"லைட் எரியுதாண்ணே?"

"எரியுது மேடம்."

"இருநூத்தி ஏழு?"

"ஜம்முனு இருக்கு மேடம்."

அவ்வளவுதான் பேச்சு. ஆறு வெள்ளி இப்படிப் போயிற்று. ஏழாவது வாரம், புதன்கிழமை, கடிதம் வந்தது. தகைசால் விஞ்ஞானியாக இரண்டு ஆண்டுகளுக்கு நியமிக்கப்படுகிறார். மேடம் அதை மூன்று தடவை படித்தார். மேசையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துக் கணவர் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. மறுநாள் காலையில் கணவர் அலமாரியைத் திறந்து, பூட்டி வைத்த கைக்கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்துக் கட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தார்.

"மொத நாளே லேட்டா போகக்கூடாது. டிப்போ பேரு கெட்டுரும்."

நிர்வாகப் பிரிவில் படம் பிடித்து, அட்டையைச் சூடு ஆறுவதற்குள் கையில் கொடுத்தார்கள். மேடம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியேறினார். முதல் மாடியிலேயே சுத்தியல் சத்தம் கேட்டது. இரண்டாம் மாடி வராந்தாவின் கோடியில் தச்சர்கள் பலகைத் தடுப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அலமாரி குப்புறப் படுத்துக் கிடந்தது. அதன் முதுகில் ஒருவர் ஆணி டப்பாவை வைத்திருந்தார்.

மேடத்துக்கு முதலில் பயம் வரவில்லை. குழாய்களை அண்ணன் பத்திரமாக எங்காவது எடுத்து வைத்திருப்பார் என்றுதான் நினைத்தார். கழுவும் அறைக்குப் போனார். கம்பிக் கூடைகளில் சோதனைக் குழாய்கள் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கியிருந்தன. எல்லாம் பளபளவென்று இருந்தன. எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

கண்ணாடி அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. எமரிட்டஸ் ஆயிட்டீங்களாமே! நானே நாளைக்கு ஃபோன்ல சொல்லணும்னு இருந்தேன்."

"அண்ணே, பாசி எங்கண்ணே?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "அவிச்சாச்சு மேடம். செவ்வாய்க்கிழமையே."

நுண்ணுயிர் வளர்த்த எதையும் அங்கே அப்படியே கொட்டக் கூடாது; ஆட்டோகிளேவில் போட்டு அவித்துத்தான் கொட்ட வேண்டும். குக்கருக்குப் பெரியப்பா மாதிரி ஓர் இயந்திரம். பதினைந்து நிமிடம் போதும்.

"யாருண்ணே சொன்னது?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். திங்கட்கிழமை தேதியிட்ட உத்தரவு. வராந்தா இடம் கணினிப் பிரிவுக்கு ஒப்படைக்கப்படுகிறது; விண்ணப்பதாரர் தமக்கு இடமோ வைப்பு வசதியோ தேவையில்லை என்று எழுத்துமூலம் தெரிவித்துள்ளதால், அங்குள்ள உயிர்ப்பொருள்கள் விதிப்படி அழிக்கப்படலாம். கீழே இணைப்பாக விண்ணப்பத்தின் ஒரு பக்க நகல். பதினோராவது கட்டம். குண்டு குண்டாக இரண்டு சொல்.

"வேற யாராவது எழுதிருந்தா நான் ஓடி வந்து உங்களக் கேட்டிருப்பேன் மேடம். இது உங்க கையெழுத்து. முப்பது வருஷமா அந்த எழுத்தப் பாத்துதானே எதக் கழுவணும் எதக் கழுவக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கறேன்? அத நான் தப்புன்னு நினைக்கலாமா?" சொல்லிக்கொண்டே வந்தவர் மேடத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். மெதுவாகத்தான் புரிந்தது. பிறகு கம்பிக் கூடைகளைத் திரும்பிப் பார்த்தார்.

துறைத் தலைவரிடம் போனார் மேடம். தலைவர் வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் மேடம் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவார். தலைவரான நாளிலிருந்து நீங்க. தலைவர் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது, அதில் நடிப்பில்லை. கூட்ட நடவடிக்கைக் குறிப்பை எடுத்துக் காட்டினார். நான்காவது தீர்மானம்: மேடத்துக்குத் தகைசால் தகுதி. ஐந்தாவது தீர்மானம்: அவருக்குத் தேவைப்படாத இடத்தைக் கணினிப் பிரிவுக்கு ஒதுக்கீடு. ஒரே நாள், ஒரே மேசை, ஒரே தேநீர்.

"நீங்க வேற எங்கயோ ஏற்பாடு பண்ணிட்டீங்கன்னு நெனச்சோம் மேடம். யாருக்கும் உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல. ஒரு வரி எழுதியிருந்தா குடுத்திருப்போமே!"

"கல் சாருக்குக் குடுக்கலையே."

"அவர் கடைசி அஞ்சு வருஷத்துல ஒரு கட்டுரைகூட எழுதல மேடம். அதனாலதான் இல்லன்னுட்டாங்க. அவர் கேட்ட பட்டியல யாரும் படிக்கவே இல்ல."

மேடம் தலையை ஆட்டினார். நன்றி சொன்னார். ஆமாம், நன்றிதான் சொன்னார், பழக்கம் அப்படி. தாராளமாகக் கோபப்படலாம்தான். ஆனால் யார்மேல் என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை. குழு நல்ல குழு. தலைவர் நல்லவர். அண்ணன் தங்கம். தேடிக்கொண்டே போனால் கடைசியில் சாப்பாட்டு மேசையில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற ஓர் அம்மாள்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து அழுதார். சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். அழுத பிள்ளை என்று எதையோ சொல்ல வாயெடுத்த கணவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கும் மறுநாளும் அந்த வீட்டில் ஒரு கேலிப்பேச்சு கிடையாது.

முயற்சி செய்யாமலும் இல்லை. பல வருடத்துக்கு முன்னால் சில குழாய்களை இரண்டு வெளியூர் நிறுவனங்களுக்குக் கொடுத்திருந்தார். எழுதிக் கேட்டார். ஓரிடத்தில் அந்தத் துறையையே மூடிவிட்டார்கள். இன்னோர் இடத்திலிருந்து, பராமரிக்க ஆளில்லாமல் எப்போதோ காய்ந்துவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. நாற்பத்தோராம் எண் பாசி கணவருடைய டிப்போவில் பஸ் கழுவும் தொட்டியில் எடுத்தது. கல்யாணமான புதிதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது தொட்டிச் சுவரிலிருந்து சுரண்டினார். பெண் பார்க்க வந்தவள் மாதிரி தொட்டியைப் பார்க்கிறாளே என்று டிரைவர்கள் சிரித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அங்கே போய்ப் பார்த்தார்கள். தொட்டியை இடித்துச் சிமெண்ட் தளம் போட்டிருந்தது. தளம் காய்ந்து, சுத்தமாக இருந்தது.

"வேற பாசி எடுத்து வளக்கலாமே?" என்றார் கணவர், தயங்கித் தயங்கி.

"வளக்கலாம். முப்பத்து நாலு வருஷம் ஆகும்" என்றார் மேடம். 

பொறுப்பேற்கும் படிவம் ஒன்று பாக்கி இருந்தது. அதிலும் தேவைகள் என்று ஒரு கட்டம். இந்தத் தடவை மேடம் கட்டத்துக்கு வெளியே வரை எழுதினார். சன்னலோரமாக ஓர் இடம். ஒன்பது அடி அலமாரி. ஐந்து தட்டு. தட்டுக்குத் தட்டு விளக்கு. தானே எரிந்து அணையும் சுவிட்சு. தம்முடைய வாழ்நாளில் அவர் எழுத்தில் கேட்ட முதல் பட்டியல் அது. எதற்காக எழுதினார் என்று அவருக்கே தெரியாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

நான்கே நாளில் அனுமதி வந்தது. முதல் மாடியில், கிழக்குப் பார்த்த சன்னல். புது மரம், புது வார்னிஷ். தலைவரே நேரில் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா மேடம், கேட்டா கெடைக்குது."

"ஆமாங்க" என்றார் மேடம்.

மறுநாள் அவர் போனபோது அலமாரி காலியாக இல்லை. கண்ணாடி அண்ணன் முந்நூற்றுப் பன்னிரண்டு குழாயிலும் கூழ் காய்ச்சி ஊற்றி, சாய்த்து உறையவைத்து, பஞ்சடைத்து, ஐந்து தட்டிலும் வரிசையாக நிறுத்தியிருந்தார். ஒன்றிலும் எண் இல்லை. ஓய்வுபெற்று இரண்டு மாதம் முடிகிற வாரம் அது. நாற்று மாற்றும் வாரம். எழுத்தில் யாரும் சொல்லாமல் அண்ணன் செய்த ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஸ்பிரிட் விளக்கு இருந்தது, துளி எடுக்கும் கம்பி இருந்தது, எண் எழுதும் பேனா இருந்தது. மூன்றாம் தட்டில் இடமிருந்து பதினோராவது குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கூழ் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

நடுவில் இரண்டு பேர் வந்து எமரிட்டஸ் ஆனதற்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ட்யூப்லைட்கள் ஐந்தும் தானாக அணைந்தன. கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்ற அண்ணன் கேட்டார்:

"வேற ஏதாவது வேணுமா மேடம்?"

"வேண்டாம்ணே" என்றார் மேடம். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.